கையில் கட்டும் பட்டையும் நெஞ்சில் எழும் அச்சமும்

மருத்துவர் உங்கள் மேற்கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர்க் குமிழை அமுக்கிக் காற்றை ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் நெஞ்சு வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொள்கிறதா? அளவு எவ்வளவு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துபோகிறதா? அப்படியானால், வாசகரே, உங்களைப் போன்றோர் உலகெங்கும் ஏராளமாக இருக்கிறார்கள். படித்தவர், படிக்காதவர், இளைஞர், முதியவர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

எங்கள் நல்லவாடு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர். இங்கும், பாகூர், வில்லியனூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் "பிரஷர் பார்க்கணும்" என்றாலே பின்வாங்குவோர் பலர். கிழிந்த வலையை மணிக்கணக்கில் உட்கார்ந்து சீர்செய்யும் பெரியவர், சுகாதார நிலையத்து நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார மறுப்பார். "பார்க்காத வரைக்கும் பிரஷர் இல்லைம்மா, பார்த்தாத்தான் வருது" என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு நழுவுகிறவர்களை எந்த ஊரிலும் காணலாம்.

இந்தப் பேச்சைக் கேட்டு நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை ஐயத்துக்கு இடமின்றி அளந்து காட்ட அறிவியலுக்கு 250 ஆண்டுகள் பிடித்தன. மீதிப் பாதியோ தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், இரத்த அழுத்தத்தை மனிதன் அளக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

குதிரையும் கண்ணாடிக் குழாயும்

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் நீர் பீறிட்டு எழுகிறது. குழாயின் உள்ளே நீர் எவ்வளவு அழுத்தத்துடன் இருக்கிறதோ, அதற்கேற்ற உயரத்துக்கு அது எழும்பும். நமது தமனிகளும் இத்தகைய குழாய்களே. இதயம் சுருங்கும்போது அழுத்தம் உயர்கிறது. அது விரியும்போது தாழ்கிறது. மருத்துவர் "120க்கு 80" என்று சொல்லும் இரண்டு எண்களில், மேல் எண் உயர்ந்த நிலையையும் கீழ் எண் தாழ்ந்த நிலையையும் குறிக்கின்றன.

இந்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பணியாற்றிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் அவர். செடிகளின் உடலில் சாறு எவ்வாறு ஏறுகிறது என்றும் ஆராய்ந்தவர் அவர். ஒரு பெண்குதிரையைத் தரையில் கிடத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதனுடன் 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தார். இரத்தம் குழாயில் ஏறி, இதயத்தின் இடக் கீழறை மட்டத்துக்கு மேலே 8 அடி 3 அங்குல உயரத்தில் நின்றது. இதய இயக்கத்துக்கு ஏற்பச் சற்றே ஏறி இறங்கிக்கொண்டும் இருந்தது. இச்செய்தியை 1733இல் அவர் நூலாக வெளியிட்டார்.

இந்த அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 8 அடி 3 அங்குலம் என்பது சுமார் 251 சென்டிமீட்டர். பாதரசம் இரத்தத்தைப் போல ஏறத்தாழ 13 மடங்கு அடர்த்தியானது. எனவே 251 செ.மீ. இரத்தத் தம்பம், 195 மில்லிமீட்டர் பாதரசத் தம்பத்துக்குச் சமமாகிறது. அமைதியாக நிற்கும் குதிரை ஒன்றின் சராசரி இரத்த அழுத்தம் இதைவிட மிகவும் குறைவு. ஏன் இந்த வேறுபாடு? மயக்க மருந்து என்பதே இல்லாத காலம் அது. கட்டுண்டு, வெட்டுண்டு, வலியில் துடித்துக்கொண்டிருந்தது அந்தக் குதிரை. வலிக்கும் அச்சத்துக்கும் அந்த உயரத்தில் பங்கு இருந்திருக்க வேண்டும். கழுத்துச் சிரையில் குழாயைச் செருகிப் பார்த்தபோதும், குதிரை திமிறுகையில் இரத்தம் பல மடங்கு உயரத்துக்கு ஏறுவதை ஹேல்ஸ் கவனித்து எழுதியிருக்கிறார்.

ஆகவே, வரலாற்றின் முதல் இரத்த அழுத்த அளவீட்டிலேயே, அளக்கும் செயல் அளவை மாற்றியிருக்கிறது!

பாதரசம் வந்த கதை

9 அடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு நோயாளியிடம் போக முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் பிரான்ஸ் நாட்டின் புவாஸேய். குழாய்களில் திரவம் ஓடுவதைப் பற்றிய விதியின் மூலம் இயற்பியல் மாணவர்களுக்குப் பழக்கமானவர் இவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823இல். அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1828இல், பாரிசில் மாணவராயிருந்த புவாஸேய், வளைந்த குழாயில் பாதரசத்தை ஊற்றி, அதைத் தமனியுடன் இணைத்து அழுத்தத்தை அளந்தார். பாதரசம் கனமானது, ஆகையால் சாண் உயரக் குழாயே போதுமானதாயிற்று. இன்றும் நாம் அழுத்தத்தை "மி.மீ. பாதரசம்" என்று சொல்வது அவர் வழிவந்த வழக்கமே.

1856இல் லியோன் நகரத்து அறுவை மருத்துவர் ஃபேவ்ர், நோயாளி ஒருவரின் உறுப்பை அகற்றும் அறுவையின்போது தமனியில் நேரடியாக இக்கருவியை இணைத்து, மனிதனின் இரத்த அழுத்தம் சுமார் 120 மி.மீ. என்று கண்டார். ஆனால் அழுத்தம் பார்ப்பதற்காக ஒவ்வொருவர் தமனியையும் வெட்டிக்கொண்டிருக்க முடியுமா? தோலைக் கீறாமல் அளக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஆஸ்திரியாவின் ஃபான் பாஷ் 1881இல் மணிக்கட்டு நாடியை வெளியிலிருந்து அழுத்தி அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். இன்று நாம் அறிந்த கைப்பட்டையை 1896இல் தந்தவர், இத்தாலியில் டூரின் நகரத்து மருத்துவர் ஷிப்பியோனே ரிவா ரோச்சி.

அவர் பயன்படுத்திய பொருள்களைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். மைக்கூடு ஒன்று, செம்புக் குழாய், சைக்கிள் டியூப், சிறிது பாதரசம், அவ்வளவே! சைக்கிள் டியூபால் ஆன பட்டையை மேற்கையில் கட்டிக் காற்றை ஏற்றினார். மணிக்கட்டில் நாடி மறையும் இடத்தில் பாதரசம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். அதுவே மேல் எண். நோயாளியின் மனநிலை அளவைப் பாதிக்கிறது என்பதையும் ரிவா ரோச்சி அப்போதே கவனித்திருந்தார் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. கருவியைப் படைத்தவரே கருவியின் இந்த இடர்ப்பாட்டையும் கண்டுகொண்டார்.

1901இல் இத்தாலிக்கு வந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், பவியா நகர மருத்துவமனையில் இக்கருவியைப் பார்த்தார். படம் வரைந்துகொண்டு தம் நாட்டுக்கு எடுத்துச் சென்று பரப்பினார். எஞ்சியிருந்தது கீழ் எண். போரில் காயமுற்ற வீரர்களின் இரத்தக் குழாய்களை ஆராய்ந்துவந்த ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரொட்காவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல விடும்போது ஓரிடத்தில் "டப், டப்" என்ற ஒலி தொடங்குகிறது; அது மேல் எண். மேலும் விட்டுக்கொண்டே வந்தால் ஒலி மறைகிறது. அது கீழ் எண். 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு பக்கத்துக்கும் குறைவான அறிக்கையில் அவர் இதைத் தெரிவித்தார். உலகெங்கும் இன்றுவரை மருத்துவர்கள் காதில் கேட்பது கொரொட்காவின் ஒலியையே.

எண் தீர்ப்பாக மாறியது

கருவி எளிதாயிற்று, எண்ணும் எளிதாகக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. காப்பீடு கேட்டு வந்தவரின் கையில் பட்டை கட்டப்பட்டது. எண் உயர்ந்திருந்தால் அவர் ஆயுள் குறைவு என்று கணக்கிடப்பட்டது. நோய் எதுவும் தோன்றாத மனிதர், ஓர் எண்ணைக் கேட்டு அஞ்சும் காலம் இவ்வாறு பிறந்தது.

அஞ்சியவருக்கு மருத்துவர் என்ன கொடுக்க முடிந்தது? அக்காலத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. 1931இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் ஜான் ஹே, உயர் அழுத்தம் உள்ளவருக்குப் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான் என்று சொன்னார். கண்டுபிடித்துவிட்டால் எவராவது ஒரு மூடர் அதைக் குறைக்க முற்பட்டு மேலும் கெடுத்துவிடுவார் என்பது அவர் கருத்து. நல்லவாட்டுப் பெரியவர் சொல்வதற்கும் லிவர்பூல் பேராசிரியர் சொன்னதற்கும் அதிக வேறுபாடு இல்லை, பார்த்தீர்களா? அந்த ஆண்டில் அந்தப் பேச்சுக்கு ஒரு நியாயமும் இருந்தது.

நாட்டின் தலைவருக்கும் இதே நிலைதான். 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சோதித்தபோது அழுத்தம் 186க்கு 108 இருந்தது. பயனுள்ள மருந்து கைவசம் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் இறந்தார். அன்று அவரது மேல் எண் 300.

சர்ப்பகந்தி சொன்ன செய்தி

ஜான் ஹே அவ்வாறு பேசிய அதே 1931ஆம் ஆண்டில், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நம் நாட்டில் பாம்புக் கடிக்கும் பித்துக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றியது அது. அந்த வேர் மனக் கொந்தளிப்பை அடக்குகிறது. இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகிறது என்று அவர்கள் எழுதினர். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துக் கண்ட பயனை ஆங்கில இதய மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்து வேதியியலார் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

மனத்தை அடக்கும் வேரே அழுத்தத்தையும் அடக்கியது ஏன்? மூளையும் நரம்பும் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் ஆட்டிவைக்கின்றன என்பதே விடை. நரம்பு முனைகள் சேமித்து வைத்திருக்கும் சில வேதிப் பொருள்களை ரெசர்ப்பின் தீர்ந்துபோகச் செய்கிறது. மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகள் காரணமாக இம்மருந்து பின்னால் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆகவே வாசகர்கள் எவரும் நாட்டு மருந்துக் கடையில் இந்த வேரை வாங்கித் தாமாகவே உண்ணத் தொடங்கிவிட வேண்டாம். அது கற்றுத்தந்த பாடமே நமக்கு வேண்டியது.

ஒலிபெருக்கியும் அட்ரினலினும்

மனம் அஞ்சினால் அழுத்தம் ஏன் உயர வேண்டும்? அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூல் இதை விளக்குகிறது. ஆபத்தை உணர்ந்த உடனே சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. நரம்புகளும் உடன் வேலை செய்கின்றன. இதயம் விரைகிறது, தோலிலும் குடலிலும் உள்ள நுண் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடிப் பிழைக்கவோ உடல் ஆயத்தமாகிறது.

இதன் பயனை எங்கள் ஊருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலையிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு நடத்திவந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. மக்கள் குழந்தை குட்டிகளுடன் ஓடினார்கள். ஆழிப்பேரலை வீடுகளையும் படகுகளையும் தாக்கியபோது அவர்கள் உயிர் தப்பியிருந்தார்கள். அன்று ஓடிய ஒவ்வொருவர் உடலிலும் அழுத்தம் உயர்ந்திருக்கும். உயர்ந்ததால்தான் ஓட முடிந்தது.

உடலுக்குள்ளும் அப்படியோர் ஒலிபெருக்கி இருக்கிறது. ஆனால் அதற்கு அலையையும் கைப்பட்டையையும் பிரித்தறியத் தெரியாது. "என்ன சொல்லப்போகிறார்களோ" என்று மனம் நடுங்கினாலே அது அலறிவிடுகிறது. ஆகவே பரிசோதனை நாற்காலியில் உங்கள் நெஞ்சு படபடப்பதை நோய் என்றோ கோழைத்தனம் என்றோ எண்ணிக் கூச வேண்டாம். உங்கள் எச்சரிக்கை அமைப்பு பழுதின்றி இயங்குகிறது, அவ்வளவே.

மிலான் நகரத்து 48 பேர்

இந்த ஏற்றம் எவ்வளவு? வீட்டில் அளந்து பார்த்தால் தெரியுமல்லவா? 1940இல் அமெரிக்காவில் அய்மான், கோல்ட்ஷைன் என்னும் மருத்துவர்கள் நோயாளிகளுக்கே கருவியைக் கொடுத்து வீட்டில் அளக்கச் செய்தனர். மருத்துவமனையில் கண்ட அளவைவிட வீட்டு அளவு பெரும்பாலும் குறைந்தே இருந்தது. 1960களில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மாரிஸ் சோக்கலோவ், உடலில் மாட்டிக்கொண்டு நடமாடக்கூடிய கருவியால் அன்றாட வாழ்வின் இடையே அளந்தார். இதயக் கேடுகளோடு அதிகப் பொருத்தம் உடையவை மருத்துவமனை அளவுகளைவிட இந்த நடமாட்ட அளவுகளே என்று 1966இல் காட்டினார்.

முடிவான சோதனையை 1983இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஜுசெப்பே மான்சியாவும் அவர் குழுவினரும் செய்தனர். 48 பேரின் தமனிக்குள் நுண் குழாயைச் செலுத்தி, அழுத்தத்தைத் துடிப்புக்குத் துடிப்பு பதிவுசெய்துகொண்டே இருந்தனர். பிறகு ஒரு மருத்துவர் அறைக்குள் நுழைந்து, வழக்கம்போலக் கைப்பட்டையால் அழுத்தம் பார்த்தார். உள்ளிருந்த கருவி என்ன காட்டியது? மேல் எண் சராசரியாக 27 மி.மீ. அளவுக்கு உயர்ந்தது. கீழ் எண் 15 மி.மீ. உயர்ந்தது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 16 வரை கூடியது. முதல் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிய இந்த ஏற்றம், பத்து நிமிட அளவில் பெரும்பகுதி தணிந்துவிட்டது. மருத்துவருக்குப் பதில் செவிலியர் அளந்தபோது ஏற்றம் கணிசமாகக் குறைவாக இருந்ததை அக்குழுவினர் 1987இல் கண்டனர்.

1988இல் நியூயார்க்கில் தாமஸ் பிக்கரிங் குழுவினர், எல்லைக்கோட்டில் நிற்கும் உயர் அழுத்தம் என்று கருதப்பட்ட 292 பேருக்கு நாள் முழுவதும் அளந்து பார்த்தனர். அவர்களில் 21 விழுக்காட்டினரின் அழுத்தம் அன்றாட வாழ்வில் இயல்பாகவே இருந்தது! மருத்துவர் அணியும் வெள்ளை அங்கியைக் கண்டு எழுவதால் இதற்கு "வெள்ளை அங்கி உயர் அழுத்தம்" என்ற பெயர் நிலைபெற்றது.

இயற்பியல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு கரண்டி வெந்நீரில் குளிர்ந்த வெப்பமானியை வைத்தால், வெப்பமானி நீரின் வெப்பத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. நாம் படிப்பது நீரின் முந்தைய வெப்பநிலை ஆகாது. அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. அதற்காக நாம் வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிடுகிறோமா? மாற்றம் எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். அதைக் குறைக்கும் முறையைத் தேடுகிறோம்.

மீதிப் பாதி

"பார்த்தாத்தான் வருது" என்பதில் உள்ள உண்மை இவ்வளவே. இனி அதன் தவறான பாதியைப் பார்ப்போம்.

பட்டையைக் கட்டாவிட்டால் அழுத்தம் இல்லாமல் போய்விடாது. பெரும்பாலோருக்கு உயர் அழுத்தம் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. தலைவலி வரும், மயக்கம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்குச் சில வேளைகளில் முதல் அடையாளமாக வருவது பக்கவாதமே.

மருத்துவமனையில் இயல்பாக இருந்து, அன்றாட வாழ்வில் உயர்ந்து நிற்கும் அழுத்தமும் உண்டு. "மறைந்த உயர் அழுத்தம்" என்று பிக்கரிங் 2002இல் இதற்குப் பெயரிட்டார். வெள்ளை அங்கி உயர் அழுத்தமும் முழுவதும் தீங்கற்றதன்று. மருந்து எடுக்காமல் இருக்கும் இத்தகையவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே "எனக்குப் பயத்தால்தான் ஏறுகிறது" என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது. அதை வீட்டு அளவுகளால் உறுதிசெய்ய வேண்டும். பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜான் ஹே காலத்து நியாயம் இன்று இல்லை. 1967இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் 73 பேருக்கு உண்மையான மருந்தும், 70 பேருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. கடும் விளைவுகளுக்கு ஆளானோர் வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேர். மருந்து உண்டவர்களில் 2 பேர். அந்த மருந்துகளில் ஒன்று எது தெரியுமா? நம் சர்ப்பகந்தியிலிருந்து வந்த ரெசர்ப்பினே. அதைவிடச் சிறந்த, பக்கவிளைவு குறைந்த மருந்துகள் இன்று அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. 1931இல் எண்ணை அறிவது வெறும் கவலையைத் தந்தது. இன்று எண்ணை அறிவது வழியைத் தருகிறது.

அச்சத்தைக் கழித்து அளப்பது எப்படி?

இந்த வரலாறு நமக்குத் தந்துள்ள எளிய முறைகளைப் பார்ப்போம்.

அளப்பதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, புகை, கடும் உழைப்பு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். வெயிலில் நடந்து வந்தவுடன் கையை நீட்டிவிட வேண்டாம். பட்டை சட்டைத் துணியின்மேல் இல்லாமல் வெறுங்கையில் இருக்கட்டும். கையின் பருமனுக்கு ஏற்ற பட்டையாகவும் இருக்கட்டும். சிறிய பட்டை பொய்யாக உயர்த்திக் காட்டும்.

கையை மேசைமேல் இதய மட்டத்தில் வையுங்கள். இதில் இயற்பியல் இருக்கிறது. கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால், அந்த உயரத்து இரத்தத் தம்பத்தின் எடையால் அளவு ஏறத்தாழ 8 மி.மீ. கூடிவிடும். அளக்கும்போது பேசவும் கூடாது; பேச்சும் எண்ணை உயர்த்தும்.

முதல் எண்ணைக் கேட்டு முடிவுக்கு வர வேண்டாம். ஓரிரு நிமிடம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். மிலான் ஆய்வு காட்டியதுபோல், நேரம் செல்லச்செல்ல அச்சத்தின் பங்கு வடிந்துவிடுகிறது. "சிஸ்டர், எனக்கு இதைப் பார்த்தாலே படபடப்பு வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. சொன்ன மாத்திரத்தில் பாதி பாரம் இறங்கும், அளப்பவரும் அவசரப்படமாட்டார். காத்திருக்கும் நேரத்தில் மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள்.

மேற்கையில் கட்டும் மின்னணுக் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் பாதரசம் இல்லை, ஸ்டெதாஸ்கோப்பும் தேவையில்லை. பட்டைக்குள் உள்ள காற்றில் நாடி எழுப்பும் சிற்றதிர்வுகளை உணர்ந்து இவை எண்ணைக் கணிக்கின்றன. பாதரசம் நஞ்சு என்பதால், 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையை ஒட்டிப் பழைய பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. வீட்டில் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் அளந்து, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் 140க்கு 90 என்பது எல்லையானால், வீட்டு அளவுக்கு 135க்கு 85 எல்லை. இவ்வாறு வேறு வேறு எல்லைகள் வைத்திருப்பதே, அச்சத்தின் பங்கை மருத்துவம் ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

ஆனால் நாளுக்கு இருபது தடவை அளந்துகொண்டிருப்பதும் ஒரு நோய்போல் ஆகிவிடும். ஒவ்வோர் எண்ணும் கவலையைத் தர, கவலை அடுத்த எண்ணை ஏற்ற, சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். குறித்த வேளையில் மட்டும் அளந்துவிட்டுக் கருவியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தாண்டி, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், அளந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய அடையாளங்கள் தோன்றினால், எண் எதுவாயினும் போகத்தான் வேண்டும்.

மருத்துவரே மக்களிடம் வரும் காலமும் தொடங்கிவிட்டது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், பயிற்சி பெற்ற பெண்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரைகளையும் தருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டும்போது, உள்ளிருக்கும் ஒலிபெருக்கி அவ்வளவாக அலறுவதில்லை. 1940இல் அய்மானும் கோல்ட்ஷைனும் கண்டறிந்த உண்மை, இவ்வாறு நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

எனவே, வாசகர்களே, "பார்த்தாத்தான் வருது" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் அடுத்த முறை சொன்னால் அவரோடு வாதாட வேண்டாம். "ஆமாம் தாத்தா, பார்க்கும்போது கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தைக் கழித்துவிட்டால் மீதி எவ்வளவு என்று பார்ப்போம், வாங்க" என்று சொல்லி, கைப்பிடித்து நாற்காலியில் உட்காரவையுங்கள். ஐந்து நிமிடம் உடன் இருங்கள். ஒரு முறைக்கு இரு முறை அளக்கச் சொல்லுங்கள். முதல் எண்ணைவிட இரண்டாம் எண் சற்றே தாழ்ந்திருந்தால், 250 ஆண்டுக்கால ஆராய்ச்சி கண்ட முடிவை நீங்கள் உங்கள் கண்ணாலேயே கண்டவர்கள் ஆவீர்கள். அது தாழாமல் உயர்ந்தே நின்றால், உரிய காலத்தில் அதை அறிந்துகொண்டீர்கள் என்று பொருள். மருந்தும் மருத்துவரும் காத்திருக்கிறார்கள். எவ்வாறாயினும், பார்த்ததால் உங்களுக்கு நன்மையே.